ஒரு தொழிலா, பல தொழிலா: வளைகுடா வணிகமும் அறநூல்களும்

துபாயில் தொழில் தொடங்க விரும்புபவர் கடை பிடிப்பதற்கு முன்பே ஒரு கேள்விக்கு எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும்: என்ன தொழில்? பொருளாதார, சுற்றுலாத் துறை வழங்கும் லைசென்ஸில் அந்தப் பதில் அச்சாகிறது. துறையின் பட்டியலில் 2,000க்கும் மேற்பட்ட தொழில்கள் உள்ளன. ஒரே குழுவைச் சேர்ந்தவையாக இருந்தால் பொதுவாகப் பத்து வரை ஒரே லைசென்ஸில் சேர்த்துக்கொள்ளலாம். எதை வேண்டுமானாலும் வாங்கி விற்க நினைப்பவருக்கு ‘ஜெனரல் டிரேடிங்’ என்று தனி வகை உண்டு. அதற்குக் கட்டணம் கூடுதல். பிளம்பிங், ஏசி, பெயின்டிங், தச்சு, டைல்ஸ் எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் செய்பவர்கள் ‘டெக்னிக்கல் சர்வீசஸ்’ என்று பெயர்ப்பலகை மாட்டுகிறார்கள். தேராவிலும் சத்வாவிலும் சார்ஜாவின் இண்டஸ்ட்ரியல் ஏரியாவிலும் அபுதாபியின் முசஃபாவிலும் இத்தகைய பலகைகள் ஏராளம். அவற்றுக்குப் பக்கத்திலேயே கைக்கடிகாரம் மட்டும் பழுது பார்க்கும் கடையும், காரின் ரேடியேட்டரை மட்டும் தொடும் பட்டறையும் நடக்கின்றன.

எந்தப் பலகையை மாட்டுவது என்பதை லாபக் கணக்காகப் பார்ப்பதே வழக்கம். ஆனால் அதற்குள் மூன்று பழைய கேள்விகள் அடங்கியிருக்கின்றன. பிழைப்பு எங்கிருந்து வருகிறது, அதைக் காத்துக்கொள்ள மனிதன் எவ்வளவு தூரம் முயலலாம் என்பது முதலாவது. தனக்குத் தெரிந்ததையும் தெரியாததையும் நம்பி வருபவரிடம் எப்படிச் சொல்வது என்பது இரண்டாவது. தனி ஆள் செய்யும் வேலைக்கும் ஊருக்குத் தேவையான வேலைகளுக்கும் உள்ள உறவு மூன்றாவது. மதங்களும் மெய்யியலும் இவற்றை நெடுங்காலம் விவாதித்திருக்கின்றன. வளைகுடாவில் இவற்றின் கனம் கூடுகிறது. அங்கே வெளிநாட்டவரின் தங்கும் உரிமை பெரும்பாலும் விசாவோடும், விசா தொழிலோடும் பிணைந்தது. கடை மூடினால் முதலாளியோடு அவர் விசாவில் வந்தவர்களும் ஊர் திரும்ப நேரலாம். தொழிலைத் தேர்ந்தெடுப்பது அங்கே பல வீடுகளின் சோற்றைத் தீர்மானிக்கும் காரியம்.

ஒரே தொழிலைப் பற்றி நிற்பதற்கான வாதத்தைக் கிரேக்கர்கள் தெளிவாக எழுதி வைத்தார்கள். பிளேட்டோ ‘குடியரசு’ நூலில் நகரம் பிறக்கும் விதத்தை விளக்கும்போது உழவர், கொத்தனார், நெசவாளர், செருப்புத் தைப்பவர் என்று நாலைந்து பேரிலிருந்து தொடங்குகிறார். ஆளுக்கு ஆள் இயல்பு வேறு. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பருவம் உண்டு. செய்பவருக்கு ஓய்வு கிடைக்கும்வரை வேலை காத்திருக்காது. எனவே ஆளுக்கு ஒரு தொழில் என்று இருக்கும்போதே பொருள் மிகுதியாகவும் நன்றாகவும் விளையும் என்பது அவர் முடிவு. 1377இல் ‘முகத்திமா’வை எழுதி முடித்த இப்னு கல்தூன் இதை மனத்தின் இயல்போடு சேர்த்துப் பேசினார். ஒரு தொழில் கைவந்தவருக்கு இன்னொன்று அதே அளவு கைவருவது அரிது என்பதற்கு அவர் தனிப் பகுதியே ஒதுக்கினார். தையல் ஊறிப்போன கை பிறகு தச்சிலோ கட்டட வேலையிலோ முழுத் தேர்ச்சி அடைவதில்லை என்பது அவர் காட்டும் உதாரணம். திறமை உயிரில் ஏறும் சாயம் போன்றது; முதல் சாயம் பிடித்த இடத்தில் அடுத்தது அவ்வளவு ஆழமாகப் பிடிக்காது என்பது அவர் தரும் காரணம்.

இதற்குச் சந்தையின் அளவு ஒரு எல்லை போடுகிறது. சிற்றூரில் ஒரே ஆள் கட்டிலும் கதவும் கலப்பையும் மேசையும் செய்கிறார், பெருநகரத்தில் ஒருவர் ஆண்களின் செருப்பையும் இன்னொருவர் பெண்களின் செருப்பையும் மட்டும் செய்தே வாழ முடிகிறது என்று செனஃபோன் கி.மு. நான்காம் நூற்றாண்டிலேயே எழுதினார். 1776இல் ஆடம் ஸ்மித் அதையே பொருளியல் விதியாக்கினார்: வேலைப் பிரிவினை சந்தையின் பரப்பைத் தாண்டிப் போக முடியாது. வளைகுடாவில் இந்த விதியைக் கண்ணால் பார்க்கலாம். துபாயில் லிஃப்ட் பராமரிப்பு மட்டும் செய்து ஒரு கம்பெனி நிற்க முடியும். ஃபுஜைராவிலோ ஓமானின் சலாலாவிலோ அதே கம்பெனிக்கு ஆண்டு முழுவதும் வேலை கிடைப்பது கடினம். அங்கே கடை போடுபவர் நாலு வேலையும் எடுத்தால்தான் வாடகை கட்ட முடியும். அவரைப் பேராசைக்காரர் என்று சொல்வது தவறு. அந்த ஊருக்கு அப்படிப்பட்ட ஆள்தான் தேவை. ஆகவே ஒன்றா பலவா என்ற கேள்விக்கு இடத்தைக் கேட்காமல் யாரும் பதில் சொல்ல முடியாது.

இடம் கணக்கில் சேர்ந்ததும் கேள்வி தனி ஆளிடமிருந்து ஊருக்கு மாறுகிறது. இந்த மாற்றத்தை மிகத் தெளிவாகக் கண்டவர் இமாம் கஸ்ஸாலி (1058–1111). ‘இஹ்யா உலூமுத்தீன்’ நூலில் சம்பாத்தியத்தின் ஒழுக்கங்களைப் பேசும் பகுதியில், தொழில் செய்பவர் ஃபர்ளு கிஃபாயா ஒன்றை நிறைவேற்றும் நிய்யத்தோடு (எண்ணத்தோடு) கடைக்குப் போக வேண்டும் என்கிறார். சமுதாயத்தில் சிலர் செய்தால் எல்லோருடைய கடனும் தீர்ந்துவிடும், யாருமே செய்யாவிட்டால் எல்லோரும் குற்றவாளியாவார்கள் என்ற வகைக் கடமை அது. தொழில்கள் கைவிடப்பட்டால் வாழ்க்கை நின்றுபோகும். எல்லோரும் ஒரே தொழிலில் இறங்கினால் மற்றவை பாழாகி மக்கள் அழிவார்கள். சமுதாயத்தின் வேறுபாடு அருள் என்று வழங்கும் நபிமொழிக்கு, தொழில்களில் மனிதர்களின் நாட்டம் வேறுபடுவதையே பொருளாகக் கொண்டவர்கள் உண்டு என்பதையும் அவர் குறிப்பிடுகிறார்.

கஸ்ஸாலியின் பார்வையில் விரிவு சந்தைக்கு உரியது, குறுக்கம் தனி ஆளுக்கு உரியது. தேராவின் பழைய கடைவீதிகள் அப்படித்தான் அமைந்திருக்கின்றன. தங்கத்துக்கு ஒரு சந்தை, மசாலாவுக்கு ஒரு சந்தை, மீனுக்கு ஒரு சந்தை. ஒரு கடையில் எல்லாம் கிடைக்காது. ஒரு நடையில் எல்லாம் கிடைக்கும். தன் கடை குறுகலாக இருப்பதால் வாடிக்கையாளரை இழக்கிறோம் என்ற பயம் இத்தகைய சந்தையில் குறைகிறது. இல்லாததைக் கேட்டு வருபவரைப் பக்கத்துக் கடைக்கு அனுப்பும் பழக்கமே அந்தச் சந்தையைப் பெரிதாக்குகிறது. அரசுகளும் இதே வடிவத்தை எடுத்திருக்கின்றன. 1985இல் தொடங்கிய ஜெபல் அலி சுதந்திர மண்டலத்துக்குப் பிறகு துபாய் இணையத்துக்கு ஒன்று, சரக்குச் சந்தைக்கு ஒன்று, நிதிக்கு ஒன்று என்று தனித்தனி மண்டலங்களை எழுப்பியது. மொத்தத்தில் எல்லாம் இருக்கிறது, ஒவ்வொன்றும் தனியே நிற்கிறது.

தனி ஆளுக்கான அறிவுரையாக ஹதீஸ் தொகுப்பில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. இப்னு மாஜாவின் வணிக அத்தியாயத்தில் நாஃபிஃ என்ற வியாபாரியைப் பற்றிச் சொல்லப்படுகிறது. அவர் சிரியாவுக்கும் எகிப்துக்கும் சரக்கு அனுப்பி வந்தவர். ஒருமுறை இராக்குக்கு அனுப்ப ஆயத்தம் செய்துவிட்டு நபிகளாரின் துணைவியார் ஆயிஷா நாயகியிடம் சென்று சொன்னார். ஆயிஷா அதை ஏற்கவில்லை. இறைவன் ஒரு வழியில் ஒருவருக்குப் பிழைப்பை அமைத்துத் தந்திருந்தால், அந்த வழி தானே மாறும்வரை அல்லது கெடும்வரை அதை விட வேண்டாம் என்ற நபிகளாரின் சொல்லை நினைவூட்டினார். இதன் அறிவிப்பாளர் வரிசையை வலுவற்றதாகக் கருதும் அறிஞர்கள் உண்டு. ஆனாலும் முஸ்லிம் வணிகர்களின் பேச்சில் பரக்கத் (இறையருளால் வரும் பெருக்கம்) என்ற எண்ணத்தோடு இது ஒன்றிப்போயிருக்கிறது. கை நிறைந்த ஒரு தொழிலை விட்டுப் பேராவலில் இன்னொன்றுக்குத் தாவினால் இருப்பதன் பரக்கத்தும் போகும் என்ற அச்சம் காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் புதியதல்ல.

இந்து மரபில் இதற்கு இணையாகக் காட்டப்படுவது கீதையின் சுவதர்மக் கருத்து. பிறருடைய கடமையைச் சிறப்பாகச் செய்வதைவிடத் தன் கடமையைக் குறையோடு செய்வது மேல் என்ற கருத்து அந்நூலின் மூன்றாம் அத்தியாயத்திலும் பதினெட்டாம் அத்தியாயத்திலும் வருகிறது. தொழில் தேர்வுக்கு இதைப் பொருத்தும்போது மிகுந்த கவனம் தேவை. தன் இயல்பை அறிந்து அதில் நிற்பது என்று படித்தால் அது பிளேட்டோவுக்கு அருகில் வருகிறது. பிறந்த குலத்தின் வேலையில் அடங்கிக் கிடப்பது என்று படித்தால் அது கொடுமைக்குத் துணைபோகிறது. சாதி என்பது வேலையைப் பிரிப்பதோடு நிற்காமல் வேலை செய்பவர்களையே பிரித்துவைக்கிறது என்று அம்பேத்கர் 1936இல் எழுதிய விமரிசனம் இந்த இடத்தில் தவிர்க்க முடியாதது. நிபுணத்துவத்தைப் புகழும் எந்த வாதமும் அந்த நிபுணத்துவம் விரும்பித் தேர்ந்ததா, சுமத்தப்பட்டதா என்பதைக் கேட்டாக வேண்டும். வளைகுடாவின் லைசென்ஸ் படிவம் குலத்தைக் கேட்பதில்லை. ஊரில் ஒரு வேலைக்கு மட்டுமே தகுதியானவராக நடத்தப்பட்டவர் அங்கே வேறொரு தொழிலின் பெயரைத் தன் பெயருக்கு எதிரே எழுத முடிந்தது. அந்த விடுதலையின் மதிப்பு பெரிது. நாடு பார்த்து ஆளை எடைபோடும் வழக்கம் அங்கே இருப்பதால் அது முழு விடுதலையாகவில்லை.

ஒரே தொழிலை நம்புவதன் ஆபத்தை வளைகுடா தன் உடம்பில் அனுபவித்தது. எண்ணெய்க்கு முன் அந்தக் கரையின் பிழைப்பு முத்து. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பஹ்ரைன், குவைத், கத்தார், இன்றைய அமீரகத்தின் கரை ஊர்கள் அனைத்திலும் சேர்த்து 70,000க்கும் மேற்பட்ட ஆண்கள் கோடையில் முத்துக்குளிக்கப் போனார்கள் என்று பிரிட்டிஷ் அதிகாரி லோரிமர் தொகுத்த குறிப்புகள் சொல்கின்றன. கப்பல் தலைவர் நகுதா, மூழ்குபவர் கவ்வாஸ், கயிறு இழுப்பவர் சைப், முத்து வாங்குபவர் தவ்வாஷ் என்று வேலை நுணுக்கமாகப் பிரிந்திருந்தது. முத்துகள் பம்பாய்க்குப் போய் அங்கிருந்து உலகெங்கும் விற்பனையாயின. பிளேட்டோவும் இப்னு கல்தூனும் குறை சொல்ல முடியாத ஒழுங்கு அது. ஜப்பானில் மிகிமோட்டோ கோகிச்சி 1893இல் வளர்ப்பு முத்தை உருவாக்கினார். 1920களில் உருண்டையான வளர்ப்பு முத்துகள் சந்தைக்கு வந்தன. 1929இல் உலகப் பொருளாதார மந்தம் தொடங்கியது. பத்தாண்டுகளுக்குள் கரை முழுவதும் வறுமை. முத்துக்குளிப்பவர்கள் ஏற்கெனவே முன்பணக் கடனில் இருந்தவர்கள். தந்தையின் கடன் மகன்மேல் ஏறும் வழக்கமும் இருந்தது. அந்த மனிதர்களிடம் திறமையோ உழைப்போ குறையவில்லை. அவர்களுடைய திறமைக்கு இருந்த ஒரே வாசல் அடைபட்டது.

அதே மண்ணில் வேறு வகையாக வாழ்ந்தவர்களும் இருந்தார்கள். பனியாஸ் குலத்தின் பல குடும்பங்கள் கோடையில் முத்துக்குளிக்கப் போயின. மற்றக் காலத்தில் லிவா சோலைகளில் பேரீச்சை பார்த்தன, ஒட்டகம் வளர்த்தன, மீன் பிடித்தன. அமீரகத்தின் வரலாற்றை எழுதிய ஃப்ராவுக்கே ஹெர்ட்-பே இத்தகைய பல்தொழில் மனிதரைப் பாலைவனப் பொருளாதாரத்தின் மையமாகக் காண்கிறார். எதிலும் பெரும் செல்வம் வராது. ஆனால் ஒன்று போனால் இன்னொன்று சோறு போடும். பிளேட்டோவின் நகரத்தில் இவருக்கு இடமில்லை. பாலையில் இவரைத் தவிர வேறு வகை மனிதர் நீடிப்பது அரிது.

தமிழர்களின் வரலாற்றில் இதற்கு நிகரான வீழ்ச்சி பர்மாவில் நடந்தது. நாட்டுக்கோட்டை நகரத்தார் கீழ் பர்மாவின் நெல் விவசாயத்துக்குக் கடன் கொடுப்பதில் ஈடு இணையற்ற தேர்ச்சி பெற்றிருந்தார்கள். மந்தத்தில் நெல் விலை சரிந்தபோது கடன் திரும்பவில்லை, ஈடாக நிலம் வந்தது. முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் சுமார் 6 சதவீதமாக இருந்த நகரத்தார் நிலம் அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் 25 சதவீதத்தை எட்டியது. கேட்காமல் வந்த அந்த நிலமே பர்மியர்களின் கோபத்துக்கு இலக்கானது. 1942இல் ஜப்பானியப் படையெடுப்பும், விடுதலைக்குப் பிறகு நில நாட்டுடைமையும் சேர்ந்து அதைத் துடைத்தெடுத்தன. மௌல்மேனில் வட்டித் தொழில் நடத்திய ஏ.எம். முருகப்பச் செட்டியாரின் குடும்பம் போருக்கு முன்பே முதலின் பெரும்பகுதியை இந்தியாவுக்குக் கொண்டுவந்து வேறு தொழில்களில் இறங்கியது. சைக்கிள், உராய்பொருள், உரம், நிதி என்று பின்னர் விரிந்த முருகப்பா குழுமத்தின் தொடக்கம் அந்த இடமாற்றம். பழைய வழி கெடத் தொடங்கியதைக் காலத்தில் கண்டதே அவர்களைக் காத்தது. ஆயிஷா சொன்ன அறிவுரையின் பின்பாதி இதுதான்: வழி மாறும்வரை. முன்பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு பின்பாதியை மறந்தவர்கள் இழந்தார்கள்.

பல வழிகளைத் தேடுவது இறைநம்பிக்கைக்குக் குறைவா என்ற கேள்விக்குத் திருக்குர்ஆனின் யூசுஃப் அத்தியாயத்தில் விடை உண்டு. பஞ்ச காலத்தில் மகன்களை எகிப்துக்கு அனுப்பும் நபி யஃகூப், எல்லோரும் ஒரே வாசல் வழியாக நுழையாமல் வெவ்வேறு வாசல்கள் வழியாக நுழையுங்கள் என்கிறார். உடனே, இறைவன் விதித்த எதையும் தன்னால் தடுக்க முடியாது என்றும், தான் அவனையே சார்ந்திருப்பதாகவும் சொல்கிறார். முன்னெச்சரிக்கையும் தவக்குல் என்ற இறைச்சார்பும் ஒரே மூச்சில் வருகின்றன. வாசல்களைப் பிரிப்பதால் விதி மாறும் என்று அவர் எண்ணவில்லை. மாறாது என்பதற்காகப் பிரிக்காமலும் இருக்கவில்லை. விவிலியத்தின் பிரசங்கி நூலும், நாளை என்ன கேடு வரும் என்று அறியாத மனிதன் தன் பங்கைப் பலவாகப் பிரித்து வைக்கட்டும் என்ற கருத்தைச் சொல்கிறது. அறியாமையை ஒப்புக்கொள்வதுதான் இரண்டு இடங்களிலும் அடித்தளம். ஒரே தொழிலில் அனைத்தையும் கொட்டுபவர் சில வேளைகளில் பக்தியைவிட, எதிர்காலம் தெரியும் என்ற கர்வத்தோடு நடக்கிறார்.

ஆனால் பலவற்றை மேற்கொள்வதற்கு அறநூல்கள் போடும் வேலி மிகக் கடினமானது. மருத்துவம் அறிந்தவர் என்று அறியப்படாத ஒருவர் மருத்துவம் பார்த்தால் விளைவுக்கு அவரே பொறுப்பு என்பது அபூதாவூத், இப்னு மாஜா ஆகியோரின் ஹதீஸ் தொகுப்புகளில் வரும் நபிமொழி. இமாம் அபூஹனீஃபா (699–767) வயது வந்த மனிதரின் சுதந்திரத்தில் நீதிமன்றம் தலையிடுவதை விரும்பாதவர். அவரே மூன்று பேரைத் தடுத்து நிறுத்தலாம் என்றார்: மார்க்கச் சட்டத்தோடு விளையாடும் முஃப்தி, அறிவில்லாத மருத்துவர், முதலில்லாத வாகனக்காரர். மூன்றாமவர் தன்னிடம் ஒட்டகமே இல்லாமல் பயணிகளிடம் வாடகையை முன்பணமாக வாங்கிக்கொள்பவர். புறப்படும் நாளில் பயணி நடுவழியில் நிற்பார். முதலாமவர் மார்க்கத்தையும், இரண்டாமவர் உடலையும், மூன்றாமவர் பொருளையும் கெடுக்கிறார் என்பது சட்ட அறிஞர்கள் தந்த விளக்கம். பலகையில் பத்து வேலையை எழுதிவிட்டு இரண்டுக்கு மட்டும் ஆள் வைத்திருப்பவர் அந்த மூன்றாமவரின் இன்றைய உருவம்.

கைவசம் இல்லாததை விற்காதே என்று நபித்தோழர் ஹகீம் இப்னு ஹிஸாமுக்கு நபிகளார் சொன்ன தடையும் இதே திசையில் போகிறது. இதற்குச் சட்டத்தில் விதிவிலக்குகள் உண்டு. முன்பணம் முழுவதையும் கொடுத்துப் பின்னர் சரக்கு பெறும் சலம், சொல்லிச் செய்விக்கும் இஸ்திஸ்னா இரண்டும் அனுமதிக்கப்பட்டவை. எது, எவ்வளவு, எப்போது என்பது ஐயமின்றி எழுதப்பட வேண்டும் என்பது நிபந்தனை. ஜெனரல் டிரேடிங் செய்பவருக்கும், வேலையை எடுத்து சப்-கான்ட்ராக்டில் விடுபவருக்கும் இந்தப் பகுதி நேரடியாகப் பொருந்துகிறது. இன்னொருவரைக் கொண்டு செய்விப்பது குற்றமாகாது. தானே செய்வதாக நம்பவைத்து யாரோ ஒருவரிடம் தள்ளிவிடுவது ஏமாற்று. 12ஆம் நூற்றாண்டில் ஷைஸரி எழுதிய சந்தைக் கண்காணிப்பு நூல், தொழில்தோறும் செய்யப்படும் மோசடிகளைத் தனித்தனி அத்தியாயங்களில் விவரிக்கிறது. ஒவ்வொரு தொழிலுக்கும் அதை அறிந்த ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ள வேண்டும், கண் மருத்துவரை ஹுனைன் இப்னு இஸ்ஹாக்கின் நூலில் தேர்வு செய்த பிறகே அனுமதிக்க வேண்டும் என்று அவர் எழுதினார். அமீரகத்தின் 1985ஆம் ஆண்டு சிவில் பரிவர்த்தனைச் சட்டம் கட்டடம் இடிந்தாலோ உறுதி குன்றினாலோ கான்ட்ராக்டரும் வடிவமைத்த பொறியாளரும் 10 ஆண்டுகள் வரை பொறுப்பு என்று வைத்தது. தெரியாத வேலையைத் தொட்டவர் தப்பக்கூடாது என்ற அதே கவலை அதில் இருக்கிறது.

இந்த இரு வகைச் சான்றுகளையும் அருகருகே வைத்தால் அவை முரண்படவில்லை என்பது தெரிகிறது. யஃகூபின் வாசல்கள் தன்னையும் தன்னைச் சார்ந்தவர்களையும் காத்துக்கொள்வதற்கானவை. அபூஹனீஃபாவின் தடை பிறருக்குக் கொடுக்கும் வாக்கைப் பற்றியது. ஆபத்தைத் தான் சுமக்கும் இடத்தில் ஒருவர் பலவாகப் பிரியலாம்: சேமிப்பைப் பல இடங்களில் வைக்கலாம், வாடிக்கையாளர்களைப் பல ஊர்களிலிருந்து பெறலாம், ஊரில் கொஞ்சம் நிலத்தைப் பார்த்துக்கொள்ளலாம், பிள்ளைகளை வேறு படிப்புக்கு அனுப்பலாம். பிறர் நம்பி ஒப்படைக்கும் இடத்தில் தன்னால் பொறுப்பேற்க முடிந்த அளவே அவருடைய பரப்பு. வளைகுடாத் தமிழ் வணிகர்கள் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். சம்பாதித்த அனைத்தையும் ஒரே கடையில் போட்டுவிட்டு, அந்தக் கடையின் பலகையில் மட்டும் பத்துத் தொழிலை எழுதுகிறார்கள். காக்க வேண்டிய இடத்தில் குறுக்கம், அடங்க வேண்டிய இடத்தில் விரிவு.

நிறுவனம் தனி ஆளைவிடப் பெரியது என்பதால் இப்னு கல்தூனின் தடை அதற்குப் பொருந்தாது என்று ஒரு மறுப்பு எழலாம். டெக்னிக்கல் சர்வீசஸ் முதலாளி தானே குழாய் பூட்டுவதில்லை. பிளம்பர் ஒருவர், எலக்ட்ரீஷியன் ஒருவர், பெயின்டர் ஒருவர் என்று ஆள் வைக்கிறார். ஒவ்வொரு கையும் ஒரு தொழிலையே செய்கிறது. மறுப்பு சரியானதே, ஆனால் பாதி தூரம்தான் போகிறது. யாரை வேலைக்கு எடுப்பது, செய்த வேலை சரியா என்பதைத் தீர்மானிக்கும் கண் ஒன்று வேண்டும். அந்தக் கண்ணும் ஒரு தேர்ச்சி. வயரிங் தெரியாதவர் எலக்ட்ரீஷியனின் வேலையைச் சரிபார்க்க முடியாது. அவர் வாடிக்கையாளரைப் போலவே நம்பிக்கையில் நிற்கிறார், பில் மட்டும் அவர் பெயரில் போகிறது. ஒரு நிறுவனம் எத்தனை வேலைகளை எடுக்கலாம் என்பதற்கு அதனுள் எத்தனை வேலைகளைச் சரிபார்க்க ஆள் இருக்கிறது என்பதே நேர்மையான அளவு. திருக்குறளின் வலியறிதல் அதிகாரம் செயலின் வலிமை, தன் வலிமை, எதிர்ப்பவர் வலிமை, துணையின் வலிமை என்று நான்கையும் எடைபோடச் சொல்கிறது. துணை இருப்பது மட்டும் போதாது. துணையின் வலிமை தனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

குறுக்கமே வாக்காக அமையும் தொழில்களும் உண்டு. சரவண பவன் 2000இல் துபாயில் தன் முதல் வெளிநாட்டுக் கிளையைத் திறந்தது. இறைச்சி இல்லாத உணவகம் சிறுபான்மையாக இருக்கும் நகரத்தில் அது சைவத்தை விடவில்லை. அங்கே சாப்பிட வருபவரில் பலருக்குச் சைவம் சமயக் கடமை. அவர் இட்லியை மட்டும் நம்பி வருவதில்லை. அந்த அடுப்பில் வேறொன்று ஏறவில்லை என்பதையும் நம்பி வருகிறார். வருமானம் பெருக ஒரே ஒரு அசைவப் பண்டத்தைச் சேர்த்தாலும் அந்த நம்பிக்கை முழுதாகப் போய்விடும். ஹலால் இறைச்சி விற்பவருக்கும் இதே நிலை.

விரிவின் பெருமையையும் பாரத்தையும் ஒருசேரக் காட்டும் தமிழ் உதாரணம் ஈடிஏ. கீழக்கரையில் 1927இல் பிறந்த பி.எஸ். அப்துர் ரஹ்மான் ரத்தினக்கல் வணிகத்தில் தொடங்கியவர். 1973இல் துபாயின் அல் குரைர் குடும்பத்தோடு சேர்ந்து எமிரேட்ஸ் டிரேடிங் ஏஜென்சி (ஈடிஏ) உருவானது. எண்ணெய் விலை ஏறிய காலம். கரை முழுவதும் கட்டடம் எழுந்துகொண்டிருந்தது. கட்டுமானம், மின்-இயந்திரப் பணிகள், லிஃப்ட், கப்பல், வீட்டுமனை, வணிகம் என்று குழுமம் விரிந்தது. ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து தலைமுறை தலைமுறையாக ஆயிரக்கணக்கான இளைஞர்கள் அதன் விசாவில் பயணம் போனார்கள். அந்த வருமானத்தின் ஒரு பகுதி 1984இல் வண்டலூரில் கிரசென்ட் பொறியியல் கல்லூரியாகவும், சீதக்காதி அறக்கட்டளையின் பணிகளாகவும் தமிழ்நாட்டுக்கு வந்தது. கஸ்ஸாலி சொன்ன ஃபர்ளு கிஃபாயாவை ஒரே நிறுவனம் இத்தனை வடிவில் நிறைவேற்றியது அரிது. அப்துர் ரஹ்மான் 2015இல் காலமானார். அந்தப் பத்தாண்டில் குழுமம் கடன் நெருக்கடிக்கு உள்ளாகிச் சுருங்கியது. பல துறைகள் இருந்தும் அவற்றில் பெரியவை ஒரே கட்டுமான அலையில் மிதந்தன. பெயரளவில் பல வாசல்கள் இருந்தாலும் அவை ஒரே முற்றத்தில் திறந்தால் யஃகூபின் அறிவுரை நிறைவேறியதாகாது.

தொழிலாளர் விஷயத்தில் இந்தக் கேள்வி முதலாளியின் சொந்த விருப்பம் என்ற எல்லையைக் கடந்துவிடுகிறது. முதலாளி தன் பணத்தை ஆபத்தில் வைக்கத் தனக்கு உரிமை இருக்கிறது என்று சொல்லலாம். ஏஜென்டுக்குக் கடன் வாங்கிக் கொடுத்து வந்த ஒருவருடைய இரண்டு ஆண்டுகளை ஆபத்தில் வைக்க அவருக்கு அதே உரிமை இல்லை. அமீரகம் 2009இல் கொண்டுவந்த சம்பளப் பாதுகாப்பு முறை மாதச் சம்பளம் வங்கி வழியாகப் போவதைக் கண்காணிக்கிறது. தொழில் தேர்வின் தவறை அது திருத்தாது. ஒரே பெரிய வாடிக்கையாளரின் ஒரே கான்ட்ராக்டை நம்பி நாற்பது பேரை வரவழைப்பவர், தனக்காக எந்த ஆபத்தை ஏற்றாலும், அவர்களுக்காக இரண்டாவது வழி ஒன்றை வைத்திருக்கக் கடமைப்பட்டவர். அதேபோல் ஏசி மெக்கானிக்காக வந்தவரை ஆள் இல்லை என்பதற்காக உயரமான கட்டடத்தில் கண்ணாடி துடைக்க அனுப்புவதும் முதலாளியின் விரிவை அடுத்தவர் உயிர்மேல் ஏற்றுவது. நிறுவனத்தின் விரிவுக்கு விலை கொடுப்பவர் யார் என்று பார்த்தால் அறத்தின் பக்கம் தெரிந்துவிடும்.

புதிய தொழிலைச் சேர்க்க வேண்டிய தருணம் எது என்பதில் மரபு இரண்டு அளவுகளைத் தருகிறது. ஒன்று, ஏற்கெனவே கண்டபடி, வழி தானே மாறுவது. மற்றொன்று கலீஃபா உமரின் பெயரில் வழங்கும் அறிவுரை: ஒரே பண்டத்தில் மூன்று முறை முயன்றும் ஒன்றும் கிட்டாதவர் வேறொன்றுக்கு மாறட்டும். ஒரு நஷ்டத்தில் ஓடுவதும் முடிவில்லாமல் முட்டிக்கொண்டிருப்பதும் இரண்டுமே இதில் விலக்கப்படுகின்றன. வளைகுடாவில் வழி மாறுவதற்கான அடையாளங்கள் வெளிப்படையானவை. அமீரகத்தில் 2018இல் வாட் வரி வந்தபோது கணக்கு எழுதும் சிறு நிறுவனங்களுக்குப் புதிய வேலை பிறந்தது. 2021 ஜூனில் பெரும்பாலான தொழில்களில் வெளிநாட்டவர் முழு உரிமையாளராகலாம் என்ற திருத்தம் நடைமுறைக்கு வந்தபோது ஸ்பான்சர் தேடித் தருவதையே பிழைப்பாகக் கொண்டவர்களின் வழி குறுகியது. 2023 ஜூன் முதல் தொடங்கும் நிதியாண்டுகளில் 3,75,000 திர்ஹத்துக்கு மேற்பட்ட லாபத்துக்கு 9 சதவீத வரி வந்ததும் ஜெனரல் டிரேடிங் என்று கணக்கில்லாமல் கலந்து நடத்தியவர்கள் ஒவ்வொரு சரக்கின் வரவையும் பிரித்து எழுத நேர்ந்தது. இத்தகைய வேளைகளில் கைவசமுள்ள தேர்ச்சிக்கு அடுத்த வீட்டில் இருக்கும் தொழிலைச் சேர்ப்பது அறிவுரையின் எல்லைக்குள் வருகிறது. பக்கத்துக் கடைக்காரர் சம்பாதிக்கிறார் என்பது வழி மாறியதற்கான அடையாளமாகாது.

தொழிலைச் சேர்ப்பதற்கு எவ்வளவு எழுதப்பட்டிருக்கிறதோ அவ்வளவு விடுவதற்கு எழுதப்படவில்லை. ஆனால் கடமைகள் அங்கேதான் குவிகின்றன. லைசென்ஸிலிருந்து ஒரு தொழிலை நீக்குவது கவுன்டரில் முடிந்துவிடும் வேலை. அந்தத் தொழிலின் பெயரில் கொடுத்த வாரண்டி காலம் முடியும்வரை தொடர்கிறது. வாங்கிய முன்பணத்துக்குச் சரக்கோ பணமோ போய்ச் சேர வேண்டும். அந்தப் பிரிவில் வேலை செய்தவருக்கு அமீரகத்தின் தற்போதைய தொழிலாளர் சட்டப்படி முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள், அதற்கு மேற்பட்ட ஆண்டுகளுக்கு 30 நாள் அடிப்படைச் சம்பளம் பணிக்கொடையாகச் சேர வேண்டும். இஸ்லாமியச் சட்டம் இவற்றை அமானத் (நம்பி ஒப்படைத்தது), கடன் என்ற இரு தலைப்புகளில் வைக்கிறது. கடன் இறப்போடும் முடிவதில்லை; இறந்தவரின் சொத்தை வாரிசுகள் பங்கு போடுவதற்கு முன் அதைத் தீர்க்க வேண்டும் என்பது விதி. ஆகவே பல தொழில்களை ஏற்பவர் ஒவ்வொன்றிலிருந்தும் கணக்குத் தீர்த்து வெளியேறத் தேவையான பணத்தைத் தொடக்கத்திலேயே ஒதுக்கி வைக்க வேண்டியவராகிறார். அப்படி ஒதுக்க முடியாத தொழில் அவருடைய லைசென்ஸில் ஏறத் தகுதியற்றது.